சைக்கிள் பெட்டி நிறைஞ்சிடுச்சு

வெண்டல் பொய்யே சொல்ல மாட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்று சொல்வான்.

"சைக்கிள் பெட்டி நிறைஞ்சிடுச்சு மார்லா. ஏற விடல. அடுத்த வண்டியிலதான் வரேன்."

சான் பிரான்சிஸ்கோவில் வேலை முடித்து, சைக்கிளோடு ரயிலேறி சன்னிவேலுக்குத் திரும்புகிறவர்கள் எல்லாருமே எப்போதாவது வீட்டில் சொல்கிற வார்த்தைதான். ரயிலில் சைக்கிள்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதில் இடம் கொஞ்சம்தான். நிறைந்துவிட்டால் கண்டக்டர் கையை நீட்டி நிறுத்திவிடுவார். அதனால் அவன் மனைவி மார்லாவும் நம்பினாள். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை நிறைந்த பிறகு, நம்புவதைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவளுக்கு நீச்சல் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம். குழந்தை பிறந்த பிறகு, இந்தப் பயத்தை மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று துணிந்து பெயர் கொடுத்தாள். எட்டு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெண்டல் வந்தால்தான் அவள் கிளம்ப முடியும். மூன்று வகுப்பு போயிற்று. நாலாவதும் போனால் பெயரை அடித்துவிட்டு, வரிசையில் நிற்கும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"இந்த வெள்ளிக்கிழமையும் நிறைஞ்சிடுமா?" என்று புதன்கிழமை கேட்டாள்.

"அதெப்படி மார்லா இப்பவே சொல்ல முடியும்?"

"மழை வருமான்னு பத்து நாள் முன்னாடியே சொல்றாங்க."

"மழை வேற. சைக்கிள் வேற."

"ஆமா. மழை எல்லாக் கிழமையும் பெய்யும்."

வெண்டல் குழந்தைக்கு ஏப்பம் வரவைக்கப் போய்விட்டான்.

உண்மை என்னவென்றால், சன்னிவேலுக்கு முன்னாலேயே ரெட்வுட் சிட்டி வந்துவிடும். அங்கே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பீட்ஸா கடை. கடைக்குள் ஒரு பழைய பின்பால் மிஷின். கண்ணாடிக்கு அடியில் இரும்புப் பந்து ஓடும், விளக்கு எரியும், மணி அடிக்கும். அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியலில் முதல் பெயர் வெண்டலுடையது. அலுவலகத்தில் அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வெண்டல் ரயிலில் வேறு ஆள். சைக்கிள் பெட்டியில் அவன்தான் சட்டம். சுவரோரக் கம்பித் தடுப்பு ஒன்றுக்கு நாலு சைக்கிள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, ரப்பர் கயிற்றால் கட்ட வேண்டும். ஒவ்வொரு சைக்கிளிலும் இறங்கும் ஊரின் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். தூரம் போகிறவன் உள்ளே. பக்கத்தில் இறங்குகிறவன் வெளியே. வழியை மறிக்கக் கூடாது. தன்னால் வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகக் கூடாது. "அட்டைங்கிறது நாம மத்தவங்களுக்குக் கொடுக்கற வாக்கு" என்பான். போன மாதம், அட்டை ஒன்று, இறங்கும் ஊர் வேறு என்று ஒரு கல்லூரி மாணவனை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பேசினான். அந்தப் பையன் இப்போது பஸ்ஸில் போகிறான்.

அப்பேர்ப்பட்டவனின் அட்டையில் இரண்டு பக்கம் இருந்தது. சீட்டுக்கு அடியில் தொங்கும். நாலு நாள் சன்னிவேல். வெள்ளிக்கிழமை திருப்பிவிட்டால் ரெட்வுட் சிட்டி.

வியாழக்கிழமை, குழந்தை அவன் சைக்கிள் சக்கரத்தில் துப்பிய வாழைப்பழத்தைத் துடைக்கப்போன மார்லா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சண்டை போடவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைக் கத்தரித்து, புது அட்டை செய்து, அசையாதபடி நாலு பக்கமும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வெண்டல் பார்த்தான். பெரிய எழுத்தில் சன்னிவேல். ஓரத்தில் ஒரு பூ.

"பழசு கிழிஞ்சிருந்துது" என்றாள்.

"அழகா இருக்கு."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப இறுக்கமா கட்டியிருக்கியே."

"விழுந்துடக் கூடாதுல்ல."

பின்பக்கத்தைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பின்பக்கத்தை வைத்தே மூன்று வாரம் பிழைத்தவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அவன் போட்ட கணக்கு எளிது. கடைசியாக ஏறுவது. சைக்கிளை வெளிப்பக்கம் வைப்பது. அட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஓபல் பார்த்தாள். மவுண்டன் வியூவில் இறங்கும் நர்ஸ். அறுபது வயது. அவளுடைய பேட்டரி சைக்கிள் ஒரு கன்றுக்குட்டி கனம்.

"கண்ணு, நீ சன்னிவேல். எங்க மூணு பேருக்கும் உள்ளே வை."

"இல்ல ஓபல், இன்னைக்கு வெளியே இருக்கட்டும்."

"ஏன், முன்னாடியே இறங்கறியா?"

"ரெட்வுட் சிட்டியில ஒரு சின்ன வேலை."

"அப்போ அட்டை?"

பெட்டியே அவனைத் திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் போன பையனின் நினைவு அவனுக்கு வந்தது. எல்லாருக்கும் வந்திருக்கும்போல இருந்தது.

"சும்மா சொன்னேன்" என்று வெண்டல் சைக்கிளை உள்ளே வைத்தான். அதன்மேல் இரண்டு சைக்கிள் சாய்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கன்றுக்குட்டி சாய்ந்தது. ஓபல் குனிந்து கயிற்றைக் கட்டினாள். கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தாள். எழுந்து பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

ரெட்வுட் சிட்டி வந்தது. வெண்டலால் பொறுக்க முடியவில்லை. எதிரே கடையின் விளக்கு தெரிந்தது.

"ஓபல், கொஞ்சம் உங்க சைக்கிளை நகர்த்துங்களேன். அவசரம்."

"தாராளமா. முழங்கால்தான் கண்ணு. மெதுவாத்தான் எழுந்திருக்கும்."

"நானே எடுத்துக்கறேன்."

"பேட்டரியில கை வைக்காதே. இன்னொருத்தர் பொருளைத் தொடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

இரண்டாவது சைக்கிள்காரர் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது சைக்கிளின் சொந்தக்காரி தூங்கினாள். கண் திறந்தபடி தூங்கினாள். கதவு மூடியது. வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை.

மவுண்டன் வியூவில் மூவரும் சுறுசுறுப்பாக இறங்கிப் போனார்கள். முழங்கால் உள்பட. அப்போதுதான் வெண்டல் குனிந்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தான்.

'இவர் பெயர் வெண்டல். ரெட்வுட் சிட்டியில் இறங்கப் பார்ப்பார். தயவுசெய்து உங்கள் சைக்கிளை மெதுவாக எடுக்கவும். ஏழு மணிக்கு எனக்கு நீச்சல் வகுப்பு. வீட்டில் கைக்குழந்தை. நன்றி. மார்லா.'

வீட்டு வாசலில் அவள் பையோடு தயாராக நின்றாள்.

"இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே."

"நல்லது" என்று குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டரை மணிக்கு ஈரத்தலையோடு வந்தாள். "தலையைத் தண்ணிக்குள்ள வெச்சேன் வெண்டல். நாலு எண்ணற வரைக்கும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து வெண்டலுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அதிசயம் நடந்தது. சைக்கிள் பெட்டி நிஜமாகவே நிறைந்துவிட்டது. கண்டக்டர் கையை நீட்டிவிட்டார். வெண்டல் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக ஃபோன் செய்ததில்லை.

"மார்லா, சத்தியமா நிறைஞ்சிடுச்சு. வேணும்னா கண்டக்டர்கிட்ட ஃபோனைக் கொடுக்கறேன்."

"வேண்டாம். நம்பறேன்."

"நம்பறியா?"

"நம்பறேன். வண்டி கிளம்ப எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஆறு நிமிஷம். அதனால என்ன, ஏறத்தான் முடியாதே. அடுத்த வண்டியில..."

"நிறைஞ்சது சைக்கிளுக்கா, ஆளுக்கா?"

வெண்டல் திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் பெட்டியில் வரிசையாகக் காலி சீட்டுகள். மூன்று வருஷமாக இந்த ரயிலில் போகிறான். சைக்கிள் இல்லாத மனிதனும் ரயிலில் ஏறலாம் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"ஸ்டேஷன் வாசல்ல சைக்கிளைப் பூட்டிட்டு நீ மட்டும் ஏறி வா" என்றாள் மார்லா. "இங்கேர்ந்து நான் குழந்தையோட ஸ்டேஷன் பக்கமா எதிர்ல நடந்து வரேன். வழியிலேயே வாங்கிக்கோ."

வண்டி கிளம்பியபோது வெண்டல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், மடியில் ஹெல்மெட்டோடு.