பல்செட்டுக்காரர் கட்டிய பிரிட்ஜ்

கொச்சி மட்டாஞ்சேரியில் எழுபதுகளில் சிரித்தவர்களில் பாதிப் பேர் சொந்தப் பல்லால் சிரிக்கவில்லை. பல்செட்டுக்காரரின் பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப் பாதி, அவர் கண்ணில் படாமல் வாயை மூடிக்கொண்டு நடந்தவர்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் கடை போட்ட அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. அவரும் ஆளைப் பல்லால்தான் அடையாளம் காண்பார். எதிரே போய் நின்றால் யாரோ என்று விழிப்பார். கொஞ்சம் சிரித்துக் காட்டினால், "அட, மேல் வரிசை இடது ஓரமா? வீட்ல சௌக்கியமா?" என்பார். ஒரு முறை பள்ளுருத்தி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். அவர் வாயை மூடுவதற்குள் பல்செட்டுக்காரர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டார். அந்த மனிதர் மறு வாரமே கடைக்கு வந்து இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது வேறு விஷயம்.

நான் அவரிடம் போனது பல்லுக்காக இல்லை, ஒரு எலக்ட்ரிக் கிதாருக்காக.

அப்போது நான் கொச்சங்காடியில் ஒரு சுக்கு மண்டியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்டணியின் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிதார் வாசிப்பேன். கிதார் ஆன்டணியுடையது, வாசிப்பது நான், பாடுவது அவன். அந்தக் கிதாரின் பிரிட்ஜ் துருப்பிடித்து உடைந்தது. ஆறு கம்பிகளும் ஏறி உட்காரும் உலோகத் தகடுதான் பிரிட்ஜ். கம்பிக்கு ஒன்றாக அதில் ஆறு சிறு துண்டுகள். துருவுக்குக் காரணம் கடல் காற்று இல்லை, என் கை வியர்வைதான் என்பது ஆன்டணியின் தீர்ப்பு. கப்பலில் வேலை பார்த்த அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து புது பிரிட்ஜ் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டத்தான் ஆள் இல்லை.

"ஞாயறாழ்ச அனியத்தியுடெ கல்யாணமாணு. கிதார் ஸெரியாயில்லெங்கில் நீ இனி வரண்டா" என்றான் ஆன்டணி. அவன் தங்கச்சி கல்யாணம்; கிதார் சரியாகாவிட்டால் நான் இனி வரவே வேண்டாமாம்.

அந்த ஊரில் அந்தக் குழுவை விட்டால் எனக்கு வேறு நாதி கிடையாது. மற்ற ஆறு நாளும் சுக்கு மூட்டைதான்.

"எனக்கு ஒரு கடை தெரியும்" என்று வாயை விட்டேன். பஜாரில் ஒரு பலகை பார்த்திருந்தேன்: ‘பிரிட்ஜ் ஃபிட் செய்து கொடுக்கப்படும்.’ மேலே படம். மழையில் நனைந்து நனைந்து சிவப்பெல்லாம் போய், வெள்ளைக் கட்டங்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஆர்மோனியக் கட்டை என்றே நினைத்தேன்.

"அண்ணாச்சி, பிரிட்ஜ் மாத்தணும்" என்றேன், கடை வாசலில் நின்று.

"மேலயா, கீழயா?"

"கீழ."

"எத்தன?"

"ஆறு."

"ஆறா? இந்த வயசுலயா?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சரி, தொற. பாப்போம்."

நான் கிதார் உறையைத் திறந்தேன்.

விழுந்த பல்லுக்குப் பதிலாகக் கட்டும் பல்லுக்கும் பிரிட்ஜ் என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு யாராக இருந்தாலும் என்னைத் துரத்தியிருப்பார்கள். அவர் கிதாரைப் பேஷண்ட் நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். தாடை வீங்கிக் காத்திருந்த கொப்பரை வியாபாரி, "எனிக்கு நல்ல வேதனயுண்டு" என்று முனகினார்.

"ஒரு அஞ்சு மினிட்டு சேட்டா. இவனுக்கு ஆறு பல்லு" என்றார் பல்செட்டுக்காரர்.

பழையதைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தை மெழுகில் அச்சு எடுத்தார். புதியதின் துளைகள் பழைய துளைகளோடு ஒத்துவரவில்லை. தீக்குச்சியும் பசையும் வைத்துப் பழைய துளைகளை அடைத்து, காலால் மிதித்துச் சுற்றும் பல் துளைக்கும் மிஷினால் புதுத் துளை போட்டார். பிறகு ஆறு துண்டுகளையும் ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் நிறுத்தினார். அந்த வரிசையைப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"இப்ப வாசி."

வாசித்தேன். கம்பியைச் சும்மா மீட்டினால் சரியாக இருந்தது. நடுவில் விரல் வைத்து அழுத்தினால் சுருதி ஏறிப்போய்க் காது கூசியது. அவருக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. பார்த்தது என் முகத்தை.

"மூஞ்சியச் சுளிக்கியே. எந்தக் கம்பில வலிக்கி?"

"தடிச்ச கம்பி, அண்ணாச்சி."

துண்டைத் திருகாணியால் ஒரு நூல் பின்னுக்கு இழுத்தார். வாசிக்கச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். முப்பது வருடமாக வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு, பேச முடியாதவர்களின் முகத்தை மட்டும் பார்த்து வேலை செய்த மனிதர் அவர். என் காதுக்குப் புரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு வேலையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆறு கம்பியும் சேர்ந்தபோது அவர் நிறுத்திய நேர்க்கோடு போயே போய்விட்டது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

"எல்லாம் தெத்துப்பல்லு" என்றார் துக்கமாக. "கோணலை நேராக்கித்தாம்ல எனக்குப் பழக்கம். நேரா இருந்ததக் கோணலாக்குனது இன்னைக்குத்தான்." மறுபடி வாசிக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்தார். "சரி, வலி போயிட்டு. எடுத்துட்டுப் போ."

கொப்பரை வியாபாரி காத்திருந்து அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிறு மதியம் கல்யாணப் பந்தலில் மேடை ஏறினால், கீழே முதல் வரிசையில் பல்செட்டுக்காரர். யாரும் அழைக்கவில்லை. மடியில் குறடும் திருப்புளியும் வைத்த பை. கண் என் மேலும் இல்லை, பாடும் ஆன்டணி மேலும் இல்லை, பிரிட்ஜ் மேல். மூன்றாவது பாட்டில் நான் ஒரு இடத்தில் தப்பாக வாசித்தபோது துள்ளி எழுந்து மேடை ஓரம் வந்துவிட்டார். "விரல்தான் அண்ணாச்சி" என்று நான் காதோடு சொன்ன பிறகே போய் உட்கார்ந்தார்.

அப்பமும் கோழிக்கறியும் மணக்க மணக்கப் பந்தி நடந்தது. பெண் வீட்டார் வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்தார்கள்.

"பேஷண்ட் மேடையில கெடக்கும்போதா?" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஆன்டணி கிதாரைத் தூக்கி ஒரு சுற்றுப் பார்த்தான். "அடுத்த ஞாயறாழ்ச பத்து மணிக்கு வா" என்று மட்டும் சொன்னான். எனக்கு அதுவே போதும்.

இறங்கிவந்தபோது பந்தியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது இரண்டு கிளாஸ் சாயா. பையை மடியை விட்டு இறக்காமலே அவர் ஊதி ஊதிக் குடித்தார். பெற்றவர்களைத் தவிர எனக்காக ஒரு மனிதர் பட்டினி இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் என்ன என்று அன்றைக்காவது கேட்டிருக்கலாம்.