மயக்கத்தில் கிடைத்த வேலை

வேலை கேட்பது ஒரு சுகம். வேலைக்குப் போவது முற்றிலும் வேறு விஷயம். பட்டம் முடித்த பிறகு முதலாவதை மட்டும் நான் மிகுந்த பொறுப்போடு செய்துவந்தேன்.

கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்துக்கு முன்னால், வேலையற்ற பட்டதாரிகள் நாங்கள் கொட்டகை போட்டுப் போராடிக்கொண்டிருந்தோம். முள்ளியவளையிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். வீட்டில் இருந்தால், "எங்கையாவது விண்ணப்பிச்சியா?" என்று அம்மா கேட்பா. கொட்டகையில் அதை ஒருவரும் கேட்பதில்லை. நிழல், கதை, பின்னேரம் வடை. (உண்மையைச் சொன்னால், கம்பஸுக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.) கூட்டத்திலேயே பெரிய குரல் எனக்குத்தான் என்பதால் ஒலிபெருக்கியும் என் கையில்.

அன்று, "எந்த வேலையும் செய்வோம்! வேலை தா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினா ஒரு அக்கா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்; இரணைமடுப் பக்கம் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் பைக்கற் பண்ணி விற்கிறவ.

"தங்கச்சி, நெசமா எந்த வேலையும் செய்வீங்களா?"

"ஓம் அக்கா!" என்றேன், ஒலிபெருக்கியிலேயே.

"அப்ப திங்கக்கிழமை வந்துருங்க. கடை கடையா ஏறி ஓடர் எடுக்கணும். இந்தக் குரல்தான் எனக்கு வேணும்."

வேலை கேட்டால் யாராவது உண்மையாகவே தந்துவிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உதவிக்குத் திரும்பிப் பார்த்தேன். போராட்டத் தோழர்கள் அத்தனை பேரும் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி தர்சினி மட்டும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். நேரலை!

"எடியே, உன்ர அம்மாவும் பாக்கிறா. 'ஓம் எண்டு சொல்லு பிள்ளை' எண்டு எழுதியிருக்கிறா."

வேறு வழி தெரியவில்லை. மயங்கி விழுந்தேன். (விழ முதல், பாய் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.)

தண்ணீர் தெளித்தார்கள். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தர்சினி அதை எடுத்து, ஸ்பீக்கரையும் போட்டு, அக்காவிடமே கொடுத்துவிட்டாள், பாவி.

"அம்மாவா? பயப்படாதீங்க, மூச்சு நல்லா வருது. பிள்ளைய வேலைக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பாமல்? அவள் எழும்ப முந்தி நாங்கள் கதைச்சு முடிப்பம்."

எந்த பஸ், மத்தியானச் சாப்பாடு எங்கே, சனிக்கிழமை அரைநாளா முழுநாளா, எல்லாம் என் தலைக்கு மேலேயே பேசி முடிந்தது. மறுப்பதென்றால் எழும்ப வேண்டும். எழும்பினால் நடிப்பு வெளிப்பட்டுவிடும். கண்ணை மூடியபடியே நான் உத்தியோகத்தரானேன்.

திங்கட்கிழமை போனேன். முதல் வாரம் முழுக்க அழுகை. பிறகு, கடைக்காரரோடு மல்லுக்கட்டி ஓடர் வாங்குவதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. இன்றைக்கு வவுனியா வரைக்கும் விற்பனைக்கு நான்தான் பொறுப்பு.

ஆனால் வீட்டில் அந்தக் கதையை ஒருவரும் விடுவதாயில்லை. கலியாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, "பொம்பிளையின்ர விருப்பத்தையும் ஒருக்காக் கேளுங்கோவன்" என்றா வருங்கால மாமியார்.

அப்பா கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்கோ. அவள் மயங்கி விழட்டும், நாங்களே ஓம் எண்டு சொல்லுறம்."