ஏழு நாள் சோதனை

இனி ஏமாறுவதில்லை என்று சபதம் எடுத்தார் அச்சகத்தில் பிழை திருத்தும் நம்மவர். விஷயம் ஒரு வாட்ச்தான். முகத்தைப் பார்த்தவர்கள் ராஜ்ஜியமே பறிபோனதாக நினைத்திருப்பார்கள்.

பழைய ஸ்மார்ட் வாட்ச் செய்த அக்கிரமம் அப்படி. கட்டிலில் படுத்திருந்தவரை ஏரி நடுவில் நிற்பதாகக் காட்டியது. அதை நம்பி நடைக்குழுவில் பதினோரு பேரைக் குறுக்கு வழியில் கூட்டிப் போனார். போய்ச் சேர்ந்த இடம் குப்பைமேடு. குழுத் தலைவரான மாடிவீட்டுப் பல் டாக்டர் அன்றிலிருந்து இவரை 'குப்பைமேடு' என்றே கூப்பிடுகிறார். வாட்சோ, மறுநாள் கை கழுவியதற்கே கண்ணை மூடிவிட்டது.

மானத்தை மீட்டாக வேண்டும். அதுவும் மலிவாக. மூன்று வாரம் தேடினார். விலை தாங்கினால் பேட்டரி தாங்காது. பேட்டரி தாங்கினால் விலை தாங்காது. எல்லாம் பொருந்திய ஒன்றைப் பெட்டியில் நான்கு எழுத்துப்பிழை என்று தள்ளிவிட்டார். கடைசியில் கறுப்பாக, கனமாக ஒன்று வீடு வந்தது. பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

"போன தடவையும் பெட்டியில எழுதினத நம்பித்தான் ஏமாந்தீங்க," என்றாள் மனைவி. அவளுக்குத் தபால் பட்டுவாடா வேலை. வெயிலோ மழையோ, தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பவள்.

"அதான் ஏழு நாள் சோதிக்கப் போறேனே!"

"எங்க, கட்டில்லயா?"

"வெளியிலதான்."

"வெளியில மழை."

எட்டிப் பார்த்தார். கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் எப்படியும் நனையத்தான் போறேன். என் கையில கட்டி விடுங்க."

கரும்பு தின்னக் கூலியா! அவரே வாரை மாட்டிவிட்டார்.

மாலையில் அவள் வீடு திரும்பியதும் கணக்கு அவர் போனில் வந்து விழுந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர், பதினாறாயிரம் காலடிகள். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'இன்றைய என் நடை' என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். பாராட்டு குவிந்தது. மறுநாள் பதினான்கு. அதற்கடுத்த நாள் பதினேழு!

"ஏம்மா, தூரம் கூடிக்கிட்டே போகுதே?"

"மேட்டுத்தெரு ஆளு லீவு. அவரு பையையும் நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். வாட்ச நல்லா சோதிக்க வேணாமா?"

இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள் என்று உருகிப் போனார்.

ஆறாம் நாள் பல் டாக்டரே இறங்கி வந்தார். "குப்பைமேடுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க சார். ஞாயித்துக்கிழமை மலையுச்சிக்குப் போறோம், இருபது கிலோமீட்டர். வழி காட்டுறது நீங்க. கூடாரப் பையும் உங்க முதுகுலதான். இந்த நடை நடக்கிறவருக்கு அது தூசு!"

டாக்டர் தலை மறைந்ததும் நம்மவர் மனைவியிடம் ஓடினார்.

"உண்மையச் சொன்னா மானம் போகும், மலைக்குப் போனா உயிர் போகும். நான் என்னம்மா பண்ணுவேன்?"

"கால் சுளுக்குன்னு நான் சொல்லிடறேன்."

"நீ தெய்வம்!"

"வாட்ச் எனக்கு."

"அது எப்படி? மூணு வாரம் தேடிக் கண்டுபிடிச்சது!"

"சரி, போயிட்டு வாங்க. பை பதினஞ்சு கிலோவாம்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் வீட்டம்மா சொன்னாங்க. 'இன்றைய என் நடை'யக்கூட மொத நாள்லேர்ந்தே எனக்குக் காட்டிட்டுத்தான் இருக்காங்க."

மேட்டுத்தெருப் பையின் மர்மம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பல்லைக் கடித்தார். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மாடிக்குக் கேட்கும்.

"எடுத்துத் தொலை!"

அவள் மாடிக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பினாள். "நம்பிட்டாரு. பாவம், வழி காட்ட ஆளில்லாம தவிச்சாரு. நானே வரேன்னு சொல்லிட்டேன். நீங்க மட்டும் மறக்காம நொண்டுங்க, மாடியிலேர்ந்து தெரு முழுக்கத் தெரியும்."

ஞாயிறு காலை வாட்ச் மலையேறியது. நம்மவர் பால் வாங்க நொண்டிக்கொண்டே கிளம்பினார். முகத்தைச் சுளித்து, சுவரைப் பிடித்து, தத்ரூபமாகத்தான் நொண்டினார். பாதித் தெருவில் மாடியிலிருந்து டாக்டர் வீட்டம்மாவின் குரல் வந்தது:

"சார், சுளுக்கு இடது கால்லன்னு இல்ல சொன்னாங்க?"