ஃபேர்லேண்ட்ஸ் ஓதக்கறை அம்மன்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அம்மன் இறங்கிவிட்டாள். கோயிலில் அல்ல. விற்பனைக்கு வந்திருந்த ஒரு வீட்டின் படுக்கையறையில், மின்விசிறிக்குப் பக்கத்தில்.

அந்த அறையின் சீலிங்கில் ஈரம் ஊறி ஓர் ஓதக்கறை படர்ந்திருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, நல்ல மனதோடு பார்த்தால் அம்மன் தெரிவாள். கெட்ட மனதோடு பார்த்தால் ஓதக்கறை தெரியும். ஃபேர்லேண்ட்ஸில் நல்ல மனதுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர்கள் வந்தார்கள், பேராசிரியர்கள் வந்தார்கள். ஒரு கட்டடப் பொறியாளர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழை பெய்து மாதக்கணக்காகிறது, ஆனால் அம்மன் சொட்டிக்கொண்டே இருந்தாள். கீழே பித்தளைக் குடம். ஆளுக்கு ஒரு கரண்டி தீர்த்தம்.

குடத்துக்குப் பக்கத்தில் காவி கட்டி உட்கார்ந்திருந்தவர் ஜீவசித்தர். போன வருடம் வரைக்கும் வெறும் ஜீவா, வீட்டுத் தரகர். வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்து அடித்து ஓய்ந்து போயிருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மறைக்க முடியாததைக் கும்பிட வைத்துவிட்டால் போயிற்று என்று ஜீவாவுக்குத்தான் தோன்றியது. ஓதம் உள்ள வீட்டுக்கு விலை இறங்கும். அம்மன் உள்ள வீட்டுக்கு ஏறும்.

சித்தர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மொட்டைமாடிக்கு யாரும் போகக் கூடாது. மாடிக் கதவில் பூட்டு, பூட்டின் மேல் சிவப்புத் துணி, துணியில் எலுமிச்சம்பழம்.

"அம்மா தலைக்கு மேல கால் வெக்கலாமா சாமி?" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்த வீட்டை வாங்கத்தான் புதுச்சத்திரத்திலிருந்து செங்கோட்டையன் வந்தார். கோழிப்பண்ணைக்காரர். மகள் நித்யஸ்ரீ சேலத்தில் கல்லூரியில் சேரப்போகிறாள். அவளுக்காக ரோட்டோரக் காட்டு நிலத்தை விற்றுவிட்டு வீடு தேடிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் மனைவி வசந்தாமணி.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்ததும் செங்கோட்டையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வசந்தா, நம்ம புள்ள இந்த ரூம்புல படுத்துப் படிச்சா போதும். அம்மாவே பாத்துக்குவா."

வசந்தாமணி சித்தரைப் பார்த்தார். "ஏனுங்க, மாடிச் சாவியக் குடுங்க. மேல ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்றோம்."

"தெய்வக் குத்தம் தாயி!"

"பழைய லாரி வாங்கப் போனா அடியில படுத்துப் பாக்கறாரு எங்கூட்டுக்காரரு. ஊடு வாங்கறப்ப மேல ஏறிப் பாத்தா குத்தமுங்களா?"

கூட்டம் முறைத்தது. செங்கோட்டையன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "மானத்த வாங்காத புள்ள. வெள்ளிக்கெழம அட்வான்ஸ் குடுக்கறோம். அவ்வளவுதான்."

வசந்தாமணி கையை உதறிக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே வாடகைக்கு இருந்த அனிதா, "வாங்க்கா, தாராளமா பாருங்க" என்று தன் மாடிக்கே கூட்டிப்போனாள். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான்.

எட்டிப் பார்த்தார். அம்மனின் தலை முழுக்கப் பாசி. தளத்துக்கு வாட்டமே சரியில்லை. தண்ணீர் குழாயை நோக்கி ஓடாமல், படுக்கையறைக்கு நேர் மேலே போய்க் குட்டையாகத் தேங்கியிருந்தது. தட்டோடுகள் பெயர்ந்து, விரிசல் வாய் பிளந்து கிடந்தது. கோடையிலும் குட்டை வற்றாமலிருக்க மேல்தொட்டியிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியேறும் குழாயின் வாயில் ஏதோ துணி அடைத்திருந்தது. நாலைந்து புறாக்கள் குளித்துக்கொண்டிருந்தன, மற்ற காரியங்களையும் அங்கேயே முடித்துக்கொண்டிருந்தன.

"இதையா கரண்டி கரண்டியாக் குடிக்கறாங்க?" என்றாள் அனிதா.

கீழே போய்க் கத்தினால் யார் நம்புவார்கள்? வசந்தாமணி நேரே செவ்வாய்ப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்து, மளிகைக் கடையில் பலகாரத்துக்குப் போடும் கலர் பவுடர் வாங்கி வந்தார். முதலில் மஞ்சள். வாளியில் கரைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றினார். தீர்த்தம் குடிப்பவர்களுக்குக் கெடுதல் வருமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் குட்டையிலேயே சுத்தமான பொருள் அந்தப் பவுடர்தான்.

மறுநாள் அம்மன் மஞ்சளாகச் சொட்டினாள்.

சித்தர் ஒரு நிமிடம் திகைத்தார். ஒரே ஒரு நிமிடம்தான். "மஞ்சள் நீராட்டு! மாரியாத்தா மஞ்சள் நீராடறா!" என்று துள்ளி எழுந்தார். கூட்டம் இரண்டு மடங்கானது. பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டுமா என்று செங்கோட்டையன் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

உண்மையைக் காட்டியும் பயனில்லையே என்று வசந்தாமணிக்கு அழுகையே வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாருங் கேட்டுக்கோங்க. நாளைக்கு இந்த அம்மா பச்சையா வருவா. சித்தரு பச்சையம்மன்னு சொல்லுவாரு, பாருங்க."

சிரித்தார்கள். மறுநாள் காலையில் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். விழுந்த முதல் சொட்டே கிளிப்பச்சை.

"பச்சை..." என்று வாயெடுத்த சித்தர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மீதியைக் கூட்டம் முணுமுணுத்து முடித்தது. பிறகு என்ன செய்தது தெரியுமா? யோசித்திருக்கும் என்கிறீர்களா? அப்படியே திரும்பி வசந்தாமணியின் காலில் விழுந்தது!

"தாயே! அருள்வாக்கு!"

வசந்தாமணி பதறிப் பின்வாங்கினார். "அய்யோ, எந்திரிங்க! எங்கால்ல உழுகறதுக்கு உங்க கால வெச்சு மாடிப்படி ஏறுங்க. உங்க அம்மன் கலர் மாறுன கதை மேல கெடக்குது."

செங்கோட்டையன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக அவளோடு சரியாகப் பேசாமலிருந்தது நெஞ்சில் உறுத்தியது. சித்தரிடம் போய்க் கையை நீட்டினார்.

"சாவி."

"அம்மா கோவிச்சுக்குவா..."

"எங்கூட்டு அம்மா ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கறா. குடுய்யா சாவிய!"

எலுமிச்சம்பழம் படியில் உருண்டது. கூட்டம் பச்சைக் குட்டையைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. ஒரு புறா தண்ணீரில் சிறகடித்து, தன் பங்கைத் தீர்த்தத்தில் சேர்த்துவிட்டுப் பறந்தது. நேற்று மூன்று கரண்டி வாங்கிக் குடித்திருந்த பேராசிரியர் ஓரமாக ஓடி வாந்தி எடுத்தார். செங்கோட்டையன் குழாய்க்குள் கையை விட்டு அடைப்பை உருவினார். நீளமாக வந்தது ஒரு காவி வேட்டி.

"இது யாரு வேட்டிங்க?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் தெருமுனையில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருந்தார். நவநீதகிருஷ்ணன் கையைப் பிசைந்துகொண்டு, தனக்கு எதுவுமே தெரியாது என்று புறாக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குட்டை வடிந்தது. மறுநாளே அம்மன் மலையேறிவிட்டாள்.

செங்கோட்டையன் மட்டும் ஒரு கம்போடு அந்தப் படுக்கையறைக்குப் போனார். கறை இருந்த இடத்தில் லேசாகத் தட்டினார். பலகையளவு காரை பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. மேலே கம்பிகள் துருவேறி இற்றுப்போய்த் தொங்கின. நேர் கீழே மகளின் கட்டிலைப் போடுவதாக இருந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வசந்தா... புள்ள மேல உழுந்திருந்தா?"

"உழுகல, எந்திரிங்க. வேற ஊடு பாக்கலாம்."

வேறு வீடு கிடைத்தது. வாங்குவதற்கு முன் வசந்தாமணி அந்த மொட்டைமாடியில் வெளிக்குழாயை அடைத்துத் தண்ணீர் கட்டிவைத்தார். ஒரு நாள் முழுக்கக் கீழே நின்று ஒவ்வொரு அறையாக அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் தயங்காமல் ஓடியது. பிறகுதான் அட்வான்ஸ்.

கலைந்துபோன பக்தர்கள் இப்போது வேறொரு தெருவில் பால் வடியும் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோருடைய கழுத்துக்கு மேலேயும் ஒரு மொட்டைமாடி இருக்கிறது அய்யா. கண்டவன் ஊற்றுவதெல்லாம் அங்கே தேங்கிக் கிடக்கிறதா என்று அவ்வப்போது நீங்களே ஏறிப் பாருங்கள். அந்தச் சாவியை எந்தச் சித்தரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.