பல் டாக்டரின் ட்ரிகர்

கடவுளே நேரில் வந்து ஒரு பொருளைக் கையில் கொடுத்தாலும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபேக்டரியில இருந்து வந்தபடியே குடுக்குறீங்களே சாமி, ஒண்ணும் மாத்தலையா?" என்று குறை சொல்லக்கூடிய மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பல் டாக்டர்.

பேர் வேண்டாம். எல்லாருக்கும் அவர் பல் டாக்டர்தான். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறினால் அவருடைய கிளினிக். பல்வலியோடு வருகிறவன் அந்தப் படியை ஏறி முடிக்கும்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ளும். தொழிலில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமையானால் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வந்துவிடுவார். அங்கே அவரைவிட மோசமாகச் சுடுகிறவர் யாரும் கிடையாது. புதிதாகச் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பிள்ளைகள்கூட எப்போதாவது நடுவில் அடித்துவிடுவார்கள். டாக்டர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில்தான் அடிப்பார்.

நாங்கள் எல்லாம் மோசமாகச் சுட்டால், "இன்னைக்குக் கை சரியில்ல" என்போம். டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் கை எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சரியில்லாதது ட்ரிகர்.

"தம்பி, இது ஃபேக்டரி ட்ரிகர். உலகத்துல இருக்குற எல்லாருக்கும் பொதுவா செஞ்சது. எல்லாருக்கும் பொதுவா ஒரு பல்செட் செஞ்சு வித்தா நீங்க மாட்டிப்பீங்களா?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் முதல் தடவை கேட்டபோது நான் கிளினிக் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். வாய்க்குள் பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய். பதில் சொல்ல வழியில்லை. அவருடைய சொற்பொழிவுகளுக்குத் தோதான சபை அதுதான். எழுந்து போக முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. ஸ்பிரிங், நெம்புகோல், இழுவை, விடுவிப்பு என்று என் கடைவாய்ப்பல்லை அடைத்து முடிக்கும் வரை பேசினார். கடைசியில், "சனிக்கிழமை ஃப்ரீயா?" என்றார். "ஆ" என்றேன். வலியில் வந்த "ஆ" அது. அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கப்பல் கம்பெனியில் கணினியைத் தட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்த நான் துப்பாக்கி பிடித்தது இப்படித்தான்.

நம்மூரில் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. கிளப்பின் ஆயுத அறையில் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு பாகத்தை மாற்றுவதென்றாலும் முறைப்படி அனுமதி வாங்கி, கிளப்பின் ஆயுத அறைப் பொறுப்பாளர் லிம் கையால்தான் மாற்ற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இந்தச் சங்கடத்துக்குப் பயந்து பேசாமல் சுடப் பழகியிருப்பார்கள். டாக்டர் அனுமதி கேட்டு எழுதப் பழகினார். லிம் பாவம். டாக்டர் தலை வாசலில் தெரிந்தாலே, "டாக்டர், நோ மோர் ஸ்பிரிங் லா, ப்ளீஸ்" என்று இரண்டு கையையும் தூக்கிவிடுவார்.

முதலில் ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற வேறொரு பாகம். பிறகு அந்தப் பாகத்துக்கு ஏற்ற வேறொரு ஸ்பிரிங். வெளிநாட்டுக் கம்பெனி ஒவ்வொன்றும் தன்னுடைய பாகம்தான் உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லும். டாக்டர் எல்லாவற்றையும் நம்புவார். ஒரு பல்பசை விளம்பரத்தைக்கூட நம்பாத மனிதர்!

அடுத்து, விரல் படுகிற வளைவு தன் விரலுக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தார். என்ன செய்தார் தெரியுமா? பல்லுக்கு அச்சு எடுக்கிற பசையைக் குழைத்து, தன் ஆள்காட்டி விரலை அதில் விட்டு, அச்சு எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பினார். அந்த விரலுக்கென்றே தனியாக ஒரு ட்ரிகர் செய்து தரச் சொல்லி! கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண் அந்த அச்சைப் பார்த்து, இது எந்த நோயாளியின் பல் என்று புரியாமல் வெகுநேரம் விழித்தாளாம்.

அனுமதி வந்து, பாகமும் வந்து சேர்வதற்குள் பொங்கல், தீபாவளி எல்லாம் போய்விட்டது. பண்டிகைப் பலகாரம் டாக்டரின் வயிற்றோடு நிற்காமல் விரல் வரைக்கும் போயிருந்தது. விரல் உள்ளே நுழையவில்லை. இன்னொருவராக இருந்தால் ட்ரிகரைத் தூக்கிப் போட்டிருப்பார். டாக்டர் பரோட்டாவை விட்டார். காலையில் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வழியில் பார்த்தவர்கள், "என்ன டாக்டர், சுகரா?" என்று கவலையோடு விசாரித்தார்கள். "இல்ல லா, விரல்" என்றார். ஆள்காட்டி விரல் மெலிவதற்காக உடற்பயிற்சி செய்த மனிதர் வேறு எங்காவது இருக்கிறாரா? எனக்குத் தெரியாது.

விரலும் மெலிந்தது. ட்ரிகரும் பொருந்தியது. அன்றைக்கு நடந்ததைக் கிளப்பில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பக்கத்துத் தடத்தில் ஒரு சீனப் பெரியவர் அமைதியாகச் சுட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் துப்பாக்கியைத் தூக்கி, குறி பார்க்கலாமா என்று யோசித்திருக்கிறார். அவ்வளவுதான், வெடித்துவிட்டது. புது ட்ரிகர் அவ்வளவு லேசு. டாக்டரின் இலக்கு அட்டை அப்படியே இருந்தது. பெரியவர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு, நான் சுட்டதைவிட ஒரு ஓட்டை கூட இருக்கிறதே என்றார். அதுவும் நட்டநடுவில்.

யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா தம்பி? நடு செண்டர்! ட்ரிகர்னா இப்படி இருக்கணும்!"

"டாக்டர், அது அவரோட டார்கெட்."

"அது வேற விஷயம்."

லிம் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கத்தினார். அந்த ட்ரிகரைக் கழற்றி, பழையதை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இப்படிப்பட்டவரை யாராவது போட்டி அணியில் சேர்ப்பார்களா? நாங்கள் சேர்த்தோம். கிளப்புகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று பேர் அணி வேண்டும். நானும் செல்வியும் தயார். மூன்றாவதாக வரவேண்டியவர் வேலை விஷயமாக வெளிநாடு போய்விட்டார். கேட்டவர்கள் எல்லாம் கைவிரித்த பிறகு மிஞ்சியவர் டாக்டர்.

செல்வி மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் கிளப்பில் அவளைப்போல் சுடுகிறவர்கள் குறைவு. ஆனால் வீட்டில் மாமியாருக்கு இது பிடிக்காது. "வாராவாரம் துப்பாக்கி துப்பாக்கின்னு ஓடுறியே, வீட்டுக்கு ஒரு ஸ்பூனாவது ஜெயிச்சுக் கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்பாராம். இந்தப் போட்டிக்காக அவள் தோழிகளிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றியிருந்தாள். இந்தத் தடவையும் வெறுங்கையோடு போனால் கிளப்பை விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

"டாக்டர், போட்டி முடியிற வரைக்கும் ட்ரிகர்ல கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"சத்தியம் லா" என்றார் டாக்டர்.

போட்டி நாள் வந்தது. சுடுவதற்கு முன் எல்லாருடைய துப்பாக்கியையும் சோதிப்பார்கள். ட்ரிகரில் ஒரு எடைக்கட்டியைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை மெதுவாகத் தூக்குவார்கள். எடையைத் தாங்கி ட்ரிகர் அசையாமல் நின்றால் சரி. இழுபட்டுவிட்டால், ட்ரிகர் விதியை மீறி லேசாக இருக்கிறது, அந்தத் துப்பாக்கியால் சுட முடியாது. என் துப்பாக்கி தாங்கியது. செல்வியின் துப்பாக்கியும் தாங்கியது. டாக்டரின் துப்பாக்கியைத் தூக்கினார்கள். டக்.

மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் டக்.

செல்வி மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"மாத்தினீங்களா?"

"ஒரே ஒரு ஸ்பிரிங்தான் செல்வி. குட்டி ஸ்பிரிங்."

லிம்மை நச்சரித்து மாட்டியிருக்கிறார். போட்டிக்கு முன் கழற்றிவிடுகிறேன் என்று லிம்மிடமும் ஒரு சத்தியம். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர், உங்க பல்ல எல்லாம் புடுங்கி உங்க கையில குடுத்துடுவேன்" என்றாள். அப்போதும் மனிதர் அடங்கவில்லை. சோதனை செய்த அதிகாரியிடம் போய், "இந்த வெயிட்ட எங்க செஞ்சாங்க? ஃபேக்டரியிலதானே? அத எப்படி நம்புறது?" என்று ஆரம்பித்தார். அவரைத் தோளைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று.

லிம் ஓடிப்போய் கிளப்பின் பயிற்சித் துப்பாக்கியைக் கொண்டு வந்தார். புதிதாகச் சேருகிற எல்லாரும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த துப்பாக்கி. ட்ரிகர் ஃபேக்டரியில் மாட்டியபடியே, ஒரு ஸ்பிரிங்கூட மாறாமல், கல் மாதிரி இருக்கும். அடுத்தவர் பல்துலக்கியை வாயில் வைக்கச் சொன்னால் எப்படியோ, அந்த முகத்தோடு டாக்டர் அதை வாங்கிக்கொண்டார்.

நானும் செல்வியும் முதல் சுற்றிலேயே சுட்டு முடித்துவிட்டோம். நான் சுமாராகச் சுட்டேன். அவள் பிரமாதமாகச் சுட்டாள். மற்ற அணிகள் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தன. எல்லாம் இனி டாக்டர் கையில். நானும் செல்வியும் பின்னால் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தோம். பார்க்கவே வேண்டாம் என்று செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் சுட்டார். மேலே, அவரவர் குறியைக் காட்டும் திரையில் புள்ளி விழுந்தது. கிட்டத்தட்ட நடுவில்.

அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்தது நடுவிலேயே. அந்தக் கல்லு ட்ரிகரை வெடுக்கென்று இழுக்க முடியாது. வேறு வழியில்லாமல் மெதுவாக, மெதுவாக அழுத்தினார். இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டது அதைத்தான். செல்வி தலையை நிமிர்த்தினாள். "அண்ணே, அது டாக்டர் திரைதானா?" என்று கேட்டாள். நானும் இரண்டு தடவை சரிபார்த்தேன். அவருடையதுதான்.

கடைசிச் செட்டுக்கு முன் ஓர் இடைவெளி. டாக்டர் திரும்பி எங்களைப் பார்த்தார். சந்தோஷமாக இருக்க வேண்டிய முகம். ஆனால் வீடு பற்றி எரிவதைத் தெருவில் நின்று பார்க்கிறவர் முகமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னும் கொஞ்சம் இப்படியே சுட்டாரென்றால், மாட்டிய ஸ்பிரிங், எழுதிய விண்ணப்பம், எடுத்த விரல் அச்சு எல்லாம் வீண் என்று அவரே தன் கையால் நிரூபித்ததாகிவிடும். கோணலாகச் சுட்டாலோ, "நான்தான் சொன்னேனே, ஃபேக்டரி ட்ரிகர்" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தர்கூடச் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் மோசமாகச் சுடுவது யாருக்குப் புதுசு?

துப்பாக்கியைத் தூக்கினார். சுடாமல் இறக்கினார். மறுபடி தூக்கினார். இறக்கினார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். டாக்டர் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளை மட்டும்தான். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு முடித்தார். எல்லாம் நடுவை ஒட்டியே விழுந்தன.

எங்களுக்கு மூன்றாவது இடம். செல்வி அழுதாள், சிரித்தாள், லிம்மைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் பயிற்சித் துப்பாக்கியைப் பத்திரமாக லிம்மிடம் கொடுத்துவிட்டு, "ட்ரிகர் ரொம்ப மோசம்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் மூன்று பேரும் தேக்கா ஈரச்சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனோம். செல்வி பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. பிரியாணிக் கடை அம்மா, "என்னம்மா, ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டார். "இல்லக்கா, துப்பாக்கி" என்றாள் செல்வி பெருமையாக. அந்த அம்மா அவள் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தார்.

டாக்டர் வாயைத் திறக்கவில்லை. தட்டைக்கூடத் தொடவில்லை. பதக்கத்தைப் பெட்டியிலேயே வைத்து மேசை ஓரத்தில் தள்ளிவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் கலக்க ஒன்றும் இல்லை. இந்த மனிதர் ஒருநாளாவது பேசாமல் இருக்க மாட்டாரா என்று நான் ஏங்கிய நாட்கள் எத்தனையோ. இப்போது அந்த அமைதியைக் கொஞ்ச நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள்.

"டாக்டர், அந்தக் குட்டி ஸ்பிரிங் ஏன் எடையத் தாங்கல? எனக்கு அது புரியவே இல்ல" என்றேன்.

கரண்டி நின்றது. "நிஜமாவே கேக்குறீங்களா தம்பி?"

"எனக்கும் தெரியணும் டாக்டர்" என்றாள் செல்வி, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு.

டாக்டர் மேசையைக் கொஞ்சம் ஒதுக்கினார். இரண்டு பல்குத்தியையும் ஒரு கரண்டியையும் வைத்து ஒரு ட்ரிகர் கட்டினார். "இத பாருங்க, தப்பு ஸ்பிரிங்ல இல்ல..." என்று ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து, சாப்பிட்டு, எழுந்து போனார்கள். அவருடைய தே ஆறிப்போனது. நான் போய் இன்னொன்று வாங்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் குறுக்கே பேசவில்லை.