தலைப்பிரட்டைக்குக் குளத்துத் தண்ணீர்

நான் உட்கார்ந்தே பிழைப்பவன். பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டருக்குள் இருபத்தாறு வருஷம். நாற்காலிக்கும் எனக்கும் இருக்கிற ஒட்டுதல் எனக்கும் என் கூடப்பிறந்தவர்களுக்கும் கிடையாது. அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து டாக்டர் சொல்கிறார்: “தினமும் நாற்பது நிமிஷம் நடங்க. மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான்.”

ஊசி என்றதும் என் மனைவிக்கு முகமே செத்துவிட்டது. அவள் அப்பாவுக்கு ஊசியில் ஆரம்பித்துக் கால் விரலை எடுப்பதில் போய் நின்றது. மறுநாள் விடிந்தபோது என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி புது ஷூ.

நானாவது, தெருவில் கை வீசி நடப்பதாவது! வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. காலையில் அதில் சாய்ந்து, ஒரு கையில் காபி, மறு கையில் பேப்பர் என்று இருப்பதுதான் எனக்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே சுகம். அதையும் பிடுங்கினால் மனுஷன் எதற்கு உயிரோடு இருப்பது?

பேப்பரே கை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. நகரத்து வீட்டுத் தோட்டத்துக்குப் பறவை, பூச்சி, தவளை எல்லாம் வர என்ன செய்ய வேண்டும்? புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். சருகைக் கூட்டாதீர்கள். மருந்து அடிக்காதீர்கள். அடடா, எல்லாமே செய்யக்கூடாத வேலைகள்! இப்படி ஒரு கட்டுரையை நான் ஜென்மத்தில் படித்ததில்லை. அவற்றோடு ஒரே ஒரு விதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

“இனிமே நான் நடக்கப் போறதில்ல,” என்று அறிவித்தேன். “நம்ம தோட்டத்துக்கு நாலு ஜீவன் வரணும். அதுக்கு தினமும் காலையில ஒரு மனுஷன் அங்க அசையாம உட்காரணும்.”

“எதுக்கு?”

“நாம ஆபத்தில்லாதவங்கன்னு அதுங்களுக்குப் புரியணும்ல.”

“பேப்பர்ல போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“காபி குடிச்சிட்டே அசையாம உட்காரணும்னு போட்டிருக்கா?”

“கை மட்டும் அசையலாம்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் ஒரு பெண்கள் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் எலும்புக்கூட்டைத் துடைக்கிறவளுக்கு என் எலும்பு வணங்காததா தெரியாது? பத்ரகாளி ஆகப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

“நல்ல காரியம்தாங்க. ஆனா அதுங்களுக்குத் தண்ணி வேணுமே?” என்றாள்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் மகளைக் குழந்தையில் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டி பரணில் கிடந்தது. அதை இறக்கித் தோட்டத்தில் விளிம்பு வரை புதைத்தாள். உள்ளே கல் அடுக்கினாள், நீர்ச்செடி வைத்தாள். நான் நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை பார்த்தேன். குருவி வந்தது, குளித்தது, தொட்டியைப் பாதி காலி செய்துவிட்டுப் போனது. ஒரு மழைக்குப் பிறகு எங்கிருந்தோ தவளை வந்து முட்டையிட்டது. அடுத்த வாரம் தொட்டி முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்த் தலைப்பிரட்டைகள்.

“பார்த்தியா? எல்லாம் நான் உட்கார்ந்த ராசி!” என்றேன்.

“ராசியெல்லாம் சரி. தண்ணி குறைஞ்சுபோச்சே.”

“குழாயைத் திற.”

“ஐயையோ! குழாய்த் தண்ணியில குளோரின் இருக்குங்க. ஊத்தினா அத்தனையும் செத்து மிதக்கும். பூங்காவுல குளம் இருக்கு பாருங்க, அந்தத் தண்ணிதான் ஒத்துக்கும்.”

“பூங்கா எட்டுத் தெரு தள்ளி இருக்கே! சரி, ஸ்கூட்டர்ல போயிட்டு வந்துடறேன்.”

“ஸ்கூட்டர்ல குலுங்குமே. அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிர் எத்தனையோ இருக்கு. எல்லாம் கலங்கிப் போயிடும்.”

“அதுக்கெல்லாமா தலை சுத்தும்?”

“உங்களுக்கு பஸ்ல சுத்தலையா? பஸ் நிலையத்துலயே வேலை பார்க்கறீங்க!”

தொட்டியை எட்டிப் பார்த்தேன். தலைப்பிரட்டைகள் வேறு அம்மாவைத் தேடுகிற குழந்தைகள் மாதிரி வாயை வாயைத் திறந்தன. ஒரு சின்ன கேனைக் கையில் கொடுத்தாள். பெரிய கேன் கேட்டேன். “தோள்பட்டை பிடிச்சுக்கும், வேண்டாம்,” என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. என்ன அக்கறை! சின்ன கேன் என்பதால் தினமும் போக வேண்டியிருந்தது. புது ஷூ சும்மாதானே கிடக்கிறது என்று அதையே போட்டுக்கொண்டேன்.

போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். திரும்பி வந்து தண்ணீரை ஊற்றிவிட்டு நாற்காலியைப் பார்ப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். ஆனாலும் ஒரு நாளும் நான் சலித்துக்கொள்ளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குட்டிப் பயல்கள் மேல் எனக்கு உயிர். பின்னங்கால் முளைத்த அன்றைக்கு கவுன்ட்டரில் நின்ற பயணிகளிடமெல்லாம் சொன்னேன். ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

மூன்று மாதம் ஓடிப்போனது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பிரமாதம்! நல்லா இறங்கியிருக்கு. தினமும் நடக்கறீங்களா?”

“ஒரு அடி கூட இல்ல டாக்டர்,” என்று மார்தட்டினேன். “தோட்டத்துல உட்கார்ந்திருக்கேன். அவ்வளவுதான். மனசு அமைதியா இருந்தா சர்க்கரை தானா இறங்கும்.”

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பாவம், டாக்டருக்கே உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவள் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆய்வகத்தில் அவள் இல்லை. ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டி. அதற்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு வாளி. வாளியில் ஒட்டியிருந்த சீட்டில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து: ‘குழாய்த் தண்ணீர். இரண்டு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு மீன் தொட்டியில் ஊற்றவும்.’

இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். “வாளியைப் பார்த்தேன்!”

“எந்த வாளி?”

“ரெண்டு நாள் திறந்து வெச்சா போதுமாம்! உனக்கு இது தெரியாது?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“வேலையில சேர்ந்ததுலேருந்து.”

“அப்போ இத்தனை நாளா என்னை எட்டுத் தெரு இழுத்தடிச்சியே, அது ஏமாத்து வேலை இல்லையா?”

“ஏமாத்துதான்,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “நான் சொன்னா நடப்பீங்களா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எங்க அப்பாகிட்டயும் இப்படித்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாங்க எங்க அம்மா. எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். உங்க காலைப் பார்த்தாலே பயம். தவளைக்குன்னு சொன்னேன், மழையில கூடப் போனீங்க. அதுங்க மேல இருக்கற பாசம் என் மேல இல்லையேன்னு ஒரு பக்கம் அழுகை, போறீங்களேன்னு ஒரு பக்கம் சந்தோஷம்.”

இருபத்தி மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளை இப்படிப் பயப்பட விட்டிருக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது.

“அழாதே,” என்றேன். “இனிமே தவளையும் வேண்டாம், கேனும் வேண்டாம். உனக்காகவே நடக்கறேன்.”

“நிஜமாவா?”

“உன் மேல சத்தியம்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

“கையில சுமை இல்லல்ல, அப்போ குளத்தைச் சுத்தி இன்னும் ரெண்டு சுத்து சேர்த்துக்கோங்க.”

மறுநாள் காலை நான் ஷூவுக்கு முடிச்சுப் போடுவதற்குள் அந்த இரண்டு சுற்று நாலாகிவிட்டது.