பட்டிமன்றத்தில் வந்த த்ரீ பேஸ்

நான் மைக்கில் பேசியது என் ஆயுசிலேயே ஒரு தடவைதான். பேசி முடித்தபோது எதிரே ஓர் ஆள்கூட இல்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். பூமி சூடாவதைத் தடுக்க அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்று தலைப்பு. 'வேண்டும்' பக்கம் என் மருமகள் கலைச்செல்வி. அவளுக்கு அதுதான் முதல் மேடை. கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பேசிப் பழகினாள். (எங்கள் வீட்டு எருமைக்குக்கூட யுரேனியம் அத்துப்படி.) பிள்ளை திக்காமல் பேசிவிட வேண்டுமே என்று அம்மனை வேண்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. போர் மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மங்கலாக எரியும் பல்பு பளிச்சென்று ஆனால் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ஊரே ஒரு கண்ணைப் பல்பு மேல்தான் வைத்திருக்கும்.

கலைச்செல்வி வெளுத்து வாங்கினாள். "நிலக்கரிப் புகையாலதாங்க மழை காலம் தப்பிப் பெய்யுது. அணு உலை புகை விடாதுங்க!"

எதிர்ப்பக்கம் ரிட்டயர்டு வாத்தியார் எழுந்தார். "புகை விடாது, சரி. கழிவை எங்கம்மா புதைப்ப? உன் மாமியார் வயல்லயா?"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நடுவர் விடுவாரா?

"அம்மா, மேடைக்கு வாங்க. இடம் குடுப்பீங்களா, மாட்டீங்களா? நீங்களே சொல்லுங்க."

மைக் வாயருகே வந்துவிட்டது. மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அண்ணாந்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ, த்ரீ பேஸ் வந்துடுச்சு!"

முதலில் ஓடியது என் மருமகள். (மோட்டார் கொட்டகைச் சாவி அவள் இடுப்பில்.) பின்னாலேயே வேட்டியை மடித்துக்கொண்டு வாத்தியார். அப்புறம் மொத்த ஊரும். மேடையில் நானும் நடுவரும்.

மைக்செட்காரர் மெதுவாக வந்தார். "கரண்டு வரலீங்க அத்தை. மைக்கு இரையுதேன்னு நான்தான் ஜெனரேட்டருக்கு மாத்தினேன்."

புழுதிக்காலோடு திரும்பிய ஊர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கலைச்செல்வி மூச்சிரைக்க மைக்கைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா? அணுமின்சாரம் வேணாங்கிற வாத்தியாரு என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடுறாரு!"

"கரண்டே வேணாம்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. பிள்ளை தப்பித்தாள்.

இப்போது சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் பேசப் போகிறாள். எந்த மேடை ஏறினாலும் ஆரம்பம் ஒன்றுதான்:

"எங்க மாமியார் வரலீங்க. எல்லாரும் தைரியமா உட்காருங்க."